ஜோடி சேராத இரண்டு கிதார்கள்

மைக்கை வாயிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். அதைச் சொல்லித்தர இப்போது செல்போனிலேயே ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் சரியாகவும் சொல்கிறார்கள். ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் பேச நினைப்பது வேறு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிற பெண் களைத்துப்போய் நிற்கிறாள். இந்தப் பக்கம் உங்கள் தோளுக்குப் பின்னால் ஒருவன் நின்றுகொண்டு, "இன்னொரு தடவை" என்கிறான். அப்போது என்ன செய்வீர்கள்? அதற்கு எந்த மெஷினிலும் பட்டன் கிடையாது.

வேலூரில் ஒரு மெத்தைக்கடையின் மாடியில்தான் என் ஸ்டூடியோ இருந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் அந்தக் கடைக்காரர் கொடுத்த கழிவு ஃபோம்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சர்ச் பாட்டு, ரம்ஜானுக்கு முன்னால் மேல்விஷாரத்திலிருந்து மார்க்கப் பாட்டு, நடுவில் ஆட்டோவில் கட்டிப் போகிற துணிக்கடை விளம்பரம், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் பிரச்சாரப் பாட்டு. எல்லாக் கட்சிக்கும் பாடியவர் ஒரே ஆள்தான். மெட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரும் புகார் சொன்னதில்லை. ஸ்டூடியோவை மூடி ஓய்வெடுக்கும் வரைக்கும் அப்படித்தான் ஓடியது.

ராக் இசைக்குழு என்று என்னைத் தேடி வந்தது ஒன்றே ஒன்று. அவர்கள் போட்டதும் ஒரே ஒரு ஆல்பம். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அதைப் பற்றியே பேசுகிறேன் என்று என் வீட்டம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். இன்றைக்கு நீங்களும் கேளுங்கள்.

குழுவின் பெயர் 'ஓவர்டைம்'. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கம்பெனியில் ஓவர்டைம் இல்லாத நாளில்தான் ஒத்திகை நடக்கும் என்பதால் அந்தப் பெயர். கிதார் வாசித்து மெட்டுப் போட்டவன் இம்தியாஸ். டிரம்ஸ் வாசித்துப் பாட்டு எழுதியவன் குமரேசன். குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற குடும்பம், இவன் மட்டும் தப்பித்து ஷூவுக்கு வந்துவிட்டான். பேஸ் கிதார் வாசித்தது குமரேசனின் தம்பி. அவன் வாயைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை, ஆகையால் இந்தக் கதையில் அவனுக்கு வேலை இல்லை.

பாடியவள் எஸ்தர். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இம்தியாஸின் அம்மா அங்கே படுத்திருந்தபோது, டிரிப் மாற்றிக்கொண்டே எதையோ முணுமுணுத்திருக்கிறாள். இவன் அம்மாவின் ஜுரத்தை மறந்துவிட்டு, "சிஸ்டர், அத இன்னொரு வாட்டி பாடுங்க" என்று கேட்டானாம். அம்மா பிழைத்துக்கொண்டது வேறு யாருடைய கவனிப்பாலோ இருக்க வேண்டும்.

எஸ்தர் குரலைப் பற்றி நான் அளந்துவிட மாட்டேன். சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த குரல். மேல் ஸ்தாயியில் சுத்தமாக இருக்கும். கீழே வரும்போது கொஞ்சம் மணல் கலந்தது போல் கரகரக்கும். அந்த மணலுக்காகத்தான் எனக்கு அவள் பாட்டு பிடிக்கும்.

இப்போது இம்தியாஸ். இவனைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. கம்பெனியில் அவனுக்குக் கடைசிச் சோதனை வேலை. தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வந்த ஷூவை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெட்டிக்குப் போகலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்று சொல்கிறவன். ஒரு காலத்தில் அவன் விட்ட சரக்கு வெளிநாட்டிலிருந்து அப்படியே திரும்பி வந்துவிட்டது. இடது ஷூவின் நிறமும் வலது ஷூவின் நிறமும் ஒரு பொட்டு மாறியிருந்ததாம். எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவன் கண்ணுக்கு எல்லாவற்றிலும் கீறல் தெரிய ஆரம்பித்தது. பாட்டிலும் தெரிந்தது. வருஷக்கணக்கில் அவர்கள் வாசித்ததையெல்லாம் போனில் பதிவு செய்வான், ராத்திரி கேட்பான், காலையில் அழித்துவிடுவான். எஸ்தர் பாடியது ஒன்றுகூட மிச்சமில்லை.

அப்படியே காலம் போயிருக்கும். ஆனால் எஸ்தருக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்து, விசா வந்து, ஆடி மாசக் கடைசியில் ஃப்ளைட் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இம்தியாஸ் என் மாடிப்படி ஏறினான்.

முதல் நாள் மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போனதும் எஸ்தர் மட்டும் என்னிடம் வந்து நின்றாள்.

"அங்கிள், நான் இத்தினி வருஷம் பாடுனதுல எங்க மம்மிக்குப் போட்டுக் காட்ட ஒரு பாட்டு கூட இல்ல. எல்லாத்தையும் அண்ணா அழிச்சிட்டாரு. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நான் போறதுக்குள்ள இது முடியலன்னா, அப்புறம் முடியவே முடியாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அவள் போய்விட்டால் அவன் மீதியையும் அழித்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். நான் அந்த ஆல்பத்தை ஏற்றுக்கொண்டது அந்தப் பெண் கேட்ட விதத்துக்காக.

டிரம்ஸும் பேஸும் தடையில்லாமல் முடிந்தன. கிதாரில் வந்து மாட்டிக்கொண்டோம்.

ராக் பாட்டில் கிதாரை ஒரு தடவை வாசித்து இடது ஸ்பீக்கரில் வைப்போம். அதையே மறுபடி ஒரு தடவை வாசித்து வலது ஸ்பீக்கரில் வைப்போம். மனிதக் கை இரண்டு தடவை ஒன்றுபோல வாசிக்காது. ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே போகும். அந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் பாட்டு அகலமாகக் கேட்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இம்தியாஸ் இடதை வாசித்தான். பிரமாதம். வலதை வாசித்தான். அதுவும் பிரமாதம். பிறகு எழுந்து வந்து கம்ப்யூட்டர் திரையில் இரண்டு அலைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"சார், ரைட்டு லெஃப்டோட ஒத்துப் போவல. ரிஜெக்ட்."

"ஒத்துப் போகக் கூடாதுப்பா. அதுக்குத்தானே ரெண்டு தடவை வாசிக்கறது."

"ஜோடின்னா ஜோடி மாதிரி இருக்க வாணாமா சார்? ஒரே தோல்ல பக்கத்துல பக்கத்துல வெட்டினாத்தான் எங்க கம்பெனில ஜோடி."

மறுபடி வாசித்தான். மறுபடி பார்த்தான். மறுபடி ரிஜெக்ட். வாரம் ஓடியது. விரல் நுனி வெடித்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தான். நான் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். அகலம் என்றேன், ஆழம் என்றேன், பெரிய பெரிய குழுக்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று போட்டே காட்டினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மறுபடி கிதாரைத் தூக்கினான். காலண்டரில் ஆடி மாசம் தேய்ந்துகொண்டே வந்தது. எஸ்தரின் பாட்டு ஒரு வரிகூட இன்னும் எடுக்கவில்லை.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். "சார், லெஃப்ட காப்பி பண்ணி ரைட்டுல ஒட்டிடுங்க. பக்கா ஜோடி."

இங்கே கவனியுங்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'உனக்கு என்ன தெரியும்' என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். சொல்லிப் புரியாததைக் காதில் போட்டுத்தான் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவன் கேட்டபடியே எல்லாப் பாட்டிலும் இடதை வலதில் ஒட்டினேன். "ஞாயித்துக்கெழமை சர்ச் முடிஞ்சதும் எஸ்தரைக் கூட்டினு வா. இது மேலயே பாடிப் பாக்கட்டும்" என்றேன்.

ஞாயிறு மத்தியானம் எல்லாரும் வந்தார்கள். எஸ்தர் மைக் முன்னால் நின்று பாடினாள். பாடியதை நான் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய கிதார், இரண்டும் அச்சு அசல் ஒன்று என்பதால், ஒற்றைக் கிதாராகச் சுருங்கி நட்ட நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. எஸ்தரின் குரல் இருக்க வேண்டிய இடமும் அதே நடுதான். கிதாருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் பாடுவது லேசாகக் கேட்டது.

குமரேசன்தான் முதலில் பேசினான். "இன்னா பாய், ரெண்டு வாரம் வாசிச்ச கிதாரு இத்தினூண்டு ஆயிடுச்சி?"

இம்தியாஸ் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். எஸ்தர் அவனிடம் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணா, ரெண்டும் லெஃப்ட் காலு ஷூவா இருந்தா, நல்லா ஒத்துப் போவுதுன்னு பொட்டியில போடுவீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. "போட்டா என்ன வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கமா" என்றான். எழுந்து போய்க் கிதாரை எடுத்து, எல்லாப் பாட்டுக்கும் வலது பக்கத்தை மறுபடி வாசித்தான். இந்தத் தடவை இடது அவன் காதிலும் கண்ணிலும் படாமல் நான் மறைத்துவிட்டேன். இரண்டு கிதாரும் பக்கத்துக்கு ஒன்றாக விலகிப் போயின. நடுவில் எஸ்தர் நிற்க இடம் கிடைத்தது.

நான் ரெண்டு வாரம் தொண்டை வற்றப் பேசியதை அந்தப் பெண் ஒரே வரியில் முடித்துவிட்டாள் என்று எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சந்தோஷம்தான். ஒருவனோடு வாதாடுவதானால் அவன் சோறு போடுகிற தொழிலின் பேச்சில் வாதாட வேண்டும். நம் தொழிலின் பேச்சை அவன் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?

இப்படியே எல்லாப் பாட்டும் முடிந்து கடைசியாக ஒன்று மிஞ்சியது. 'வண்டி' என்று அதற்குப் பெயர். கம்பெனிக்குப் பேரணாம்பட்டு, ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றி வந்து இறக்குகிற வண்டிகள் உண்டு. சாயங்காலம் திரும்பும்போது நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்த பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிப் போவார்கள். அதைத்தான் குமரேசன் எழுதியிருந்தான். 'தோள் குடு அக்கா, ஊரு வர்ற வரைக்கும்' என்று ஒரு வரி. படித்துக் காட்டியபோதே எனக்கு என்னவோ செய்தது. அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை, காட்டியிருந்தால் இன்னும் நாலு சரணம் எழுதியிருப்பான்.

அந்தப் பாட்டை எடுக்க மிஞ்சியது எஸ்தர் கிளம்புகிற நாள் மட்டும்தான். ராத்திரி சென்னையில் ஃப்ளைட். மத்தியானம் வாடகைக் கார் மெத்தைக்கடை வாசலிலேயே வந்து நின்றது. டிக்கியில் பெட்டிகள். அவள் அம்மாவைக் கடைக்காரர் உள்ளே கூப்பிட்டு விலை உயர்ந்த மெத்தை ஒன்றின் மேல் உட்கார வைத்திருந்தார். பாவம், அந்த அம்மாள் நசுங்கிவிடப் போகிறதே என்று ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

எஸ்தர் வந்தாள், பாடினாள். முதல் தடவையிலேயே அந்த வரியில் 'வரைக்கும்' என்ற சொல்லுக்கு வந்தபோது குரல் மெலிந்து, முடிய வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அழுகை இல்லை. மூச்சு அவ்வளவுதான் இருந்தது.

இம்தியாஸ் திரையில் விரலை வைத்தான். அந்த இடத்தில் அலை அறுந்து ஒரு வெற்றிடம் தெரிந்தது. "சார், இங்க பாருங்க. கட்டாயிடுச்சி. ஒன்ஸ் மோர்."

மறுபடி பாடினாள். 'வரைக்கும்' முழுசாக வந்தது. அவன் வேறு ஒரு இடத்தைக் காட்டினான். மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் திரையில் அலை அழகாகிக்கொண்டே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் முகம் வாடிக்கொண்டே போனது. கீழே டிரைவர் ஹாரன் அடித்தான். குமரேசன் கதவைத் திறந்து, "பாய், டைம் ஆவுது. வாலாஜா டோல்ல இன்னிக்கு ஜாஸ்தி கூட்டம்" என்றான். இம்தியாஸுக்குக் காதில் விழவில்லை. "ஒன்னே ஒன்னு, சார். இதான் லாஸ்ட்."

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் பயந்து போயிருந்தான். இந்தப் பாட்டை விட்டால் அவளை மறுபடி கூப்பிட முடியாது என்று அவனுக்கும் தெரியும். பயந்தவனுக்குக் கீறல் பெரிதாகத் தெரியும்.

நான் கம்ப்யூட்டர் திரையை அணைத்தேன்.

"இன்னா சார் பண்றீங்க?"

"உக்காரு" என்றேன். அவன் நாற்காலியைப் பிடித்து ஃபோம் ஒட்டிய சுவரைப் பார்க்கத் திருப்பினேன். "நீ ஷூ பாக்கற மாதிரி பாட்டைப் பாக்கற. கண்ணால கேக்கறதை நிறுத்து. ரெண்டு போடறேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன்."

முதலில் கடைசியாகப் பாடியதைப் போட்டேன். அப்புறம் முதலில் பாடியதைப் போட்டேன். அவன் சுவரைப் பார்த்தபடி கேட்டான். இரண்டாவதில் அந்த வரி வந்து போனதும் அவன் தோள் இரண்டும் இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

"ரெண்டாவது, சார். அதுல வண்டிப் பொண்ணுக்கு நெஜமாவே தூக்கம் வருது."

திரையைப் போட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். அறுந்த அலை. அவன் 'கட்' என்று ஒதுக்கியது.

"ஆனா சார், இது..."

"ஆமா" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஸ்தர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள், மறுபடி பாடச் சொன்னால் பாடுவதற்குத் தயாராகத்தான். இம்தியாஸ் ரொம்ப நேரம் அவளைப் பார்த்தான். பிறகு பேசுகிற பட்டனை அழுத்தி, "எஸ்தர், கெளம்புமா. முடிஞ்சிடுச்சி" என்றான். அவள் உடனே நம்பவில்லை. "நெஜமாவாணா?" என்று மைக்கிலேயே கேட்டாள். அதையும் நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

எல்லாப் பாட்டையும் ஏற்றிய பென்டிரைவை அவளுடைய அம்மாவிடம் கொடுத்தேன். அந்த அம்மாள் அதைப் பர்ஸில் வைத்து மூடி, பர்ஸைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கார் போன பிறகு இம்தியாஸ் மெத்தைக்கடை வாசலிலேயே நின்றான். என் பங்குக்கு நானும் நின்றேன்.

அடுத்த நாள் காலையிலேயே போன் வந்துவிட்டது. "சார், அந்தக் கட்டான எடத்துல லைட்டா ஒரு எக்கோ குடுத்தா..." நான் போனை வைத்துவிட்டேன். மரியாதைக் குறைவுதான். சில நேரத்தில் அதுவும் நம் வேலையில் சேர்த்தி.

ஆல்பம் வெளியானது. எங்கே எங்கே போட வேண்டுமோ அங்கெல்லாம் குமரேசன் ஏற்றினான். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. சென்னையில் இசை பற்றி எழுதுகிற ஒருவர் நாலு வரி நல்லபடியாக எழுதி, பாடகியின் உச்சரிப்பில் சர்ச் வாடை அடிக்கிறது என்று ஐந்தாவது வரியில் குத்தினார். நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்களையெல்லாம் விட்டுவிட்டு, டிரம்ஸ் சத்தம் ஜாஸ்தி என்று எழுதிய ஒருவரை மட்டும் இம்தியாஸ் திரும்பத் திரும்பப் படித்தான். ஒரே பேஜார். எஸ்தர் அங்கிருந்து போன் பண்ணும்போதெல்லாம், "யாராச்சும் கேக்கறாங்களாணா?" என்று கேட்பாளாம். "கேக்கறாங்க, கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவானாம். "பொய் சொல்றேன் சார். நம்மள யாரும் கேக்கல. அவளுக்கு எப்படிச் சொல்றது?" என்று என்னிடம் வந்து உட்கார்ந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் இருந்து கேட்டார்கள். வழக்கமாக 'ஓவர்டைம்' அன்றைக்கு மேடையில் வாசிக்கும். பாட ஆள் இல்லை என்றதும், ஆல்பத்தையாவது போடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இம்தியாஸ் என்னை வரச்சொன்னான். அவனால் தனியாக அதை எதிர்கொள்ள முடியாது என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

போனேன். மெஷின்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கவரில் பொரி, கடலை, லட்டு. தோல் வெட்டுகிற கூடம் ஒரு பக்கம், தையல் கூடம் ஒரு பக்கம், நடுவில் பெரிய வாசல். வெட்டுக் கூடத்தில் ஆண்கள், தையல் கூடத்தில் பெண்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் இரண்டு கூடத்திலும் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். வாசலுக்குப் பக்கத்தில் மிக்ஸர் மேஜை. நான் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

'வண்டி'யைத்தான் முதலில் போட்டார்கள். போட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மனுஷன் இடது பக்கத்தை வெட்டுக் கூடத்துக்கும் வலது பக்கத்தைத் தையல் கூடத்துக்குமாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார். இந்தக் கூடத்தில் ஒரு கிதார், அந்தக் கூடத்தில் இன்னொரு கிதார். இம்தியாஸ் வெட்டுக் கூடத்திலிருந்து ஓடி வந்தான், தையல் கூடத்துக்குப் போனான், திரும்பி வந்தான்.

"சார், பாதி பாதியா கேக்குது. நிறுத்துங்க. இல்லன்னா ஒன்னா சேத்துடுங்க."

இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க மிக்ஸரில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் குறை தீரும். ஓடுகிற பாட்டு ஒரு கணம் தடுக்கும், அவ்வளவுதான். நானும் கையைக் கொண்டு போய்விட்டேன். அந்த நேரம் எஸ்தர் பாட ஆரம்பித்தாள். நடுவில் இருக்கிற குரல் ஆகையால் இரண்டு கூடத்திலும் கேட்டது. அவளோடு சேர்ந்து தையல் கூடத்துப் பெண்களும் பாட ஆரம்பித்தார்கள்.

ஒருத்தர் இரண்டு பேர் இல்லை. பொரிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்தவர்கள், மெஷின் ஸ்டூலில் இருந்தவர்கள், எல்லாரும். சரணம் முழுக்கத் தெரிந்திருந்தது. நான் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பாட்டு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நாம் அதில் கை வைக்கக் கூடாது, குறை இருந்தாலும் சரி.

பக்கத்தில் நின்றிருந்த ஒரு அம்மாவைக் கேட்டேன். "இந்தப் பாட்டு எப்படிம்மா தெரியும்?"

"தெனம் வண்டியில போடறாரு சார் டிரைவரு, யாரோ போன்ல அனுப்புனாங்களாம். எங்க வண்டி, ஆலங்காயம் வண்டி, எல்லாத்துலயும் ஓடுது. போடலன்னா நாங்க வுட மாட்டோம்."

"யாரு போட்ட பாட்டுன்னு தெரியுமா?"

"சினிமா பாட்டு இல்லையா?"

நான் இம்தியாஸைக் காட்டினேன். அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "யாரு, ரிஜெக்ட் பாயா?" என்றார். அவர் தைத்ததை அவன் எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறானோ தெரியாது. பைக்கில் வந்து பைக்கில் போகிற இவனுக்கு வண்டிக்குள் ஓடுகிற பாட்டு எப்படித் தெரியும்? பக்கத்துப் பெண்ணிடம் அவர் ஏதோ சொன்னார். அது வரிசையாகக் காதோடு காதாகப் போனது. பெண்கள் திரும்பித் திரும்பி இவனைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். வெட்டுக் கூடத்து ஆட்களும் வாசலுக்கு வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

இம்தியாஸ் போனை எடுத்து எஸ்தருக்கு வீடியோ கால் போட்டான். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்க வேண்டும். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னாணா, இந்நேரத்துல? உங்கம்மா நல்லா இருக்காங்களா?"

அவன் போனைத் திருப்பித் தையல் கூடத்தைக் காட்டிக் கையை உயரத் தூக்கிப் பிடித்தான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நம்ம பாட்டாணா அது? கும்பல் சத்தமாத்தான் கேக்குது. என் வாய்ஸே கேக்கலியே."

அவன் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டு போய்ப் பிடித்தான். அங்கேயும் பெண்களின் குரல்தான் மேலே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கையை விரித்தேன்.

"இங்கயும் கேக்கல எஸ்தர்" என்றான்.

எஸ்தர் அழுகிறாளோ என்று போனை எட்டிப் பார்த்தேன். இல்லை. ஒரு கையில் கோட்டு, ஒரு கையில் போன், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்டியே புடிங்கணா" என்றாள். "கட் பண்ணாதீங்க."

அவள் டியூட்டிக்கு நேரமாகும் வரை அவன் கையை இறக்கவில்லை.